வெடிக்காத பாட்டு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கார் கதவிலிருந்து வந்தது. சாம்பல் நிறக் கதவு. கைப்பிடிக்குக் கீழே ஒரு நெளிவு இருந்தது. அது நியாயமான நெளிவு. வண்டிக்காரர் பின்னால் பார்க்காமல் வண்டியை எடுத்து ஒரு தூணில் இடித்துச் சம்பாதித்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி இன்னொரு நெளிவு இருந்தது. அதை உண்டாக்கியவர் என் மாமா. நெளிவெடுப்பதையே தொழிலாகக் கொண்ட மனிதர், நன்றாக இருந்த தகட்டில் தன் கையாலேயே ஒரு பள்ளம் போட்டிருக்கிறார் என்றால், அதற்குக் காரணம் ஒரு ராக் இசைக் குழு.

மாமா என்றால் அக்காவின் கணவர். இருவரும் சேர்ந்து டிங்கரிங் பட்டறை நடத்துகிறார்கள். அடிபட்ட வண்டிகள் வரும். மாமா தட்டி நேராக்குவார், அக்கா பெயிண்ட் அடிப்பாள். நான் பட்டறையின் முன்னறையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு பத்திரிகைக்குத் துப்பறியும் கதைகள் எழுதுகிறேன். வீட்டில் எழுதினால் தூக்கம் வருகிறது. இங்கே யாராலும் தூங்க முடியாது.

என்னை முன்பே படித்தவராக இருந்தால் இந்நேரம் ஒரு பிணத்தைத் தேட ஆரம்பித்திருப்பீர்கள். தேட வேண்டாம். இந்தக் கதையில் ஒருவரும் சாகப்போவதில்லை. அதனால்தான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: "பட்டறையின் ஷட்டர் அன்று பாதிதான் இறங்கியிருந்தது. உள்ளே—" இப்படி ஆரம்பித்தால் உள்ளே ஒருவர் கழுத்து நெரிபட்டுக் கிடந்தாக வேண்டும். பழக்கதோஷம். அடித்துவிட்டேன்.

இரண்டு: "கலைஞன் மாறும்போது ரசிகனும் மாற வேண்டுமா என்ற கேள்வி இன்று நேற்று எழுந்ததல்ல." எழுதும்போதே கொட்டாவி வந்தது. எனக்கே வந்தால் உங்கள் கதி என்ன?

மூன்று: "மாமா 'நம்ம பசங்க' என்று சொல்லும் நான்கு பேரில் ஒருவரைக்கூட அவர் கிட்டத்தில் பார்த்ததில்லை."

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

நம்ம பசங்களுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. பாடகருக்குத் தலை நரைத்து, கிதார்காரருக்குத் தலையே காலியாகி, டிரம்ஸ் வாசிப்பவர் தாத்தாவும் ஆகிவிட்டார். மாமாவுக்கு இன்னும் பசங்கதான். அக்காவை அவர் முதன்முதலில் பார்த்ததே அந்தக் குழுவின் கச்சேரிக்கு நின்ற வரிசையில்தான். குழுவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் உங்களில் பாதிப் பேர் "அவங்களா, அவங்க எப்பவோ கெட்டுப்போயிட்டாங்களே" என்று ஆரம்பிப்பீர்கள். மீதிப் பேர் கதையை அப்படியே போட்டுவிட்டுப் பாட்டுக் கேட்கப் போய்விடுவீர்கள்.

அவர்களுடைய பழைய பாட்டுகள் எல்லாம் ஒரே அச்சு. நான் குறையாகச் சொல்லவில்லை. என் கதைகளும் அப்படித்தான். ஆரம்பத்தில் ஒரே ஓட்டம். நடுவில் சட்டென்று எல்லாம் அடங்கும். ஒரு கிதார் மட்டும் முனகிக்கொண்டிருக்கும், பாடகர் காதில் ரகசியம் சொல்வதுபோல் இரண்டு வரி சொல்வார். கேட்கிறவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பான். பிறகு டிரம்ஸ் வெடிக்கும்.

மாமா தன் வேலையை இந்த அச்சுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். பாட்டு ஓடும்போது சீரான சின்ன அடிகள். பாட்டு அடங்கியதும் சுத்தியலைத் தாழ்த்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தகட்டைத் தடவுவார். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று கை சொல்லும். வளைந்து கொடுக்காத இடம் ஒன்று எப்போதும் இருக்கும். அதைக் கண்டுபிடித்து, ஓங்கி, டிரம்ஸ் வெடிக்கும் அதே நொடியில் ஒரே அடி.* தகடு பேசாமல் வழிக்கு வந்துவிடும். பாட்டு இல்லாத நாளில் அந்த ஒரு அடிக்கு அவர் மூன்று அடி அடிப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

* தகட்டின் பின்பக்கம் இன்னொரு கையால் ஒரு இரும்புக்கட்டையைத் தாங்கலாகப் பிடித்திருப்பார். அடி அந்தக் கட்டைக்கு நேராக விழ வேண்டும். இதை நான் எழுதாமல் விட்டிருந்தேன். அக்கா படித்துவிட்டு, "அப்ப அவர் காத்துல வச்சா தட்டுறாரு?" என்று கேட்டாள். சேர்த்துவிட்டேன்.

3

குழுவின் புதிய ஆல்பம் வந்த அன்று மாமா காலையில் குளித்துவிட்டு வந்து, டீயைக்கூடத் தொடாமல் அதைப் போட்டார். வேலைமேசை மேல் நிறுத்திய சாம்பல் நிறக் கதவு முன்னால் இருந்தது.

முதல் பாட்டில் பியானோ. மாமா என்னைப் பார்த்தார். நான் என் தாளைப் பார்த்தேன். இரண்டாவது பாட்டிலும் பியானோ. பாடகர் கத்தவே இல்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதுபோலப் பாடினார். "பசங்க சூடு ஏத்துறாங்க" என்றார் மாமா, தனக்குத்தானே.

மூன்றாவது பாட்டு கொஞ்சம் ஓடியது. சுத்தியலும் ஓடியது. பாதியில் எல்லாம் அடங்கியது. தெரியாத ஊரில் அலைந்தவன் தெரிந்த தெருவுக்கு வந்துசேர்ந்ததுபோல மாமாவின் முகம் தெளிந்தது. கண்ணை மூடினார். தடவினார். இடத்தைக் கண்டுபிடித்தார். ஓங்கினார்.

டிரம்ஸ் வெடிக்கவில்லை.

ஓங்கிய கை அரை நொடி காத்திருந்தது. இதோ வந்துவிடும் என்று இன்னொரு அரை நொடி. பிறகு கை தானாகவே இறங்கிவிட்டது. தாங்கலாக வைத்திருந்த கட்டை ஒரு பக்கம், அடி இன்னொரு பக்கம். அத்தனை வருஷத்தில் பட்டறையில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை.

அக்கா பெயிண்ட் அறையிலிருந்து தலையை நீட்டினாள்.

"என்னங்க ஆச்சு?"

"வரல."

"என்ன வரல?"

"அடி. வரவேண்டிய இடத்துல வரல."

அக்கா கதவைக் குனிந்து பார்த்தாள். "இங்க வந்திருக்கு" என்றாள்.

மாமா எழுந்துபோய்ப் பாட்டை நிறுத்தினார். பழைய ஆல்பம் ஒன்றைப் போட்டார். மாலைவரை அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டார். கடை சாத்தும்போது, புதுப் பாட்டெல்லாம் எப்படி என்று நான் வேண்டுமென்றே கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

யாராவது உங்களிடம் இந்தக் குரலில் நல்லாத்தான் இருக்கு என்று சொன்னால், அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது என்று அர்த்தம். பிடிக்கவில்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்கலாம். இதில் கேட்க ஒன்றுமில்லை.

4

அதே வாரத்தில்தான் அக்காவின் விஷயமும் வந்தது. [இரண்டும் ஒரே வாரத்தில் வந்தது கதைக்காக நான் செய்த ஏற்பாடு அல்ல. நானாக இருந்தால் ஒரு மாதமாவது இடைவெளி விட்டிருப்பேன். வாழ்க்கைக்கு அந்த நாசூக்கு கிடையாது.]

பெயிண்ட் கம்பெனி ஒன்று பயிற்சி நிலையம் நடத்துகிறது. அங்கே நிறம் சேர்க்கக் கற்றுக்கொடுக்க அக்காவைக் கேட்டிருந்தார்கள். வெயிலில் வெளுத்த ஒரு வண்டியின் ஒரு பக்கத்துக்கு மட்டும் பெயிண்ட் அடித்தால், மற்றப் பக்கங்களின் வெளுப்போடு அது கலந்துவிட வேண்டும். அக்கா அதில் கெட்டிக்காரி. முழுநேர வேலை. போனால் பட்டறைக்கு வேறு பெயிண்டர் பார்க்க வேண்டும். கல்யாணமானதிலிருந்து இருவரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தவர்கள்.

மத்தியானம் சாப்பிடும்போது சொன்னாள். நானும் இருந்தேன். மாமா மென்றுகொண்டிருந்ததை மென்று முடித்தார்.

"சரி" என்றார். கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "நல்லாத்தான் இருக்கு."

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டு, நேராக என் மேசைக்கு வந்து என் தாள்களின் மேலேயே உட்கார்ந்தாள்.

"வேணாம்னு சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன்டா. சரின்னுட்டார். சரின்னு சொல்ற ஆளோட எப்படிச் சண்டை போடுறது?"

"அதான் சரின்னுட்டாரே, போயேன்."

"இப்படிச் சொன்னா போக மாட்டேன். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் கேட்டிருக்காங்க. இவர் இப்படியே சரி சரின்னு சுத்திக்கிட்டு இருந்தார்னா, வரலன்னு சொல்லிடுவேன். அப்புறம் ஆயுசுக்கும் அதைச் சொல்லிக் காட்டுவேன்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் என் அக்காவை எனக்குத் தெரியும். சொன்னால் செய்வாள். இரண்டையும்.

[இங்கே அக்கா ஏன் போக நினைக்கிறாள் என்று ஒரு பெரிய பத்தி இருந்தது. பெயிண்ட் நெடி, தோள் வலி, நாள் முழுக்க முகமூடிக்குள் இருக்கும் சலிப்பு. எல்லாம் நான் ஊகித்தவை. அவளிடம் படித்துக் காட்டினேன். "இதுல ஒண்ணுகூட இல்ல" என்றாள். பின்ன என்ன என்று கேட்டேன். "உன்கிட்ட ஏன் சொல்லணும்? கேட்க வேண்டியவர் கேட்கட்டும்." பத்தியை எடுத்துவிட்டேன். துப்பறியும் எழுத்தாளனுக்கு இதைவிட அவமானம் வேண்டாம்.]

5

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்திவைக்கிறேன். பாட்டைப் பற்றிப் பேச வேண்டும். கதைதான் முக்கியம் என்பவர்கள் ஆறாம் பகுதிக்குத் தாவலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அந்த ஆல்பத்தை நான் வீட்டில் தனியாகக் கேட்டேன். முதல் தடவை எனக்கும் ஏமாற்றம்தான். குழு வேறு ஆட்களிடம் பெயரை விற்றுவிட்டுப் போய்விட்டதோ என்று தோன்றியது. இரண்டாம் தடவை பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன். மூன்றாம் தடவைதான் உட்கார்ந்து கேட்டேன் என்று சொல்ல வேண்டும். பாடகர் கத்தாமல் பாடும்போது, சில சொற்களுக்கு முன்னால் அவர் லேசாகத் தயங்குவது கேட்கிறது. இத்தனை வருஷமும் அந்தத் தயக்கம் இருந்திருக்கும், கத்தலுக்குள் அமுங்கியிருந்திருக்கிறது. கிதார்காரர் முன்பு கைநிறைய அள்ளி வீசுவார். இப்போது ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். எல்லாவற்றையும்விட, பேஸ் கிதார் வாசிக்கும் அந்த நாலாவது ஆள். அவர் என்ன வாசிக்கிறார் என்று இதுவரை யாராவது கவனித்தோமா? எனக்கு அவர் முகம்கூட நினைவில் இருந்ததில்லை. இந்த ஆல்பத்தில் பாட்டின் பாரம் முழுக்க அவர்தான் சுமக்கிறார். பழைய பாட்டுகளை மறுபடி போட்டுக் கேட்டேன். அங்கேயும் நன்றாகத்தான் வாசித்திருக்கிறார்.

எனக்கு அந்த ஆல்பம் மிகவும் பிடித்துவிட்டது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: அவர்கள் செய்ததிலேயே இதுதான் நல்லது.

பிடித்த குழு பாணியை மாற்றிக்கொண்டால் நாம் ஏன் பறிகொடுத்தவர்கள்போல நடந்துகொள்கிறோம்? பழைய பாட்டுகளை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லையே. அவை இருக்கிற இடத்திலேயே இருக்கின்றன. நான் நினைப்பது இதுதான். அந்தப் பாட்டுகளோடு நாம் நம்முடைய வேலையை, நடையை, கோபத்தை எல்லாம் கோத்து வைத்துவிடுகிறோம். அவர்கள் நகர்ந்தால் நம்முடையதெல்லாம் இழுபடுகிறது. நம்மைக் கேட்காமல் எப்படி நகரலாம் என்று கேட்கிறோம். நம்மைக் கேட்டுக்கொண்டா அவர்கள் ஆரம்பித்தார்கள்?

இதை எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தேன். அப்போது பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். இதன் முதல் நான்கு பகுதிகளை அவருக்கு அனுப்பியிருந்தேன்.

"படிச்சேன். கொலை எப்ப வருது?"

"வராது சார்."

"அடுத்த வாரமா?"

"இதுல யாரும் சாகல. ஒரு கதவுல அடிபட்டிருக்கு, அவ்வளவுதான்."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் ஆசிரியர்.

எனக்கு மூஞ்சியில் குத்து விழுந்ததுபோல இருந்தது. அன்று மத்தியானம் அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. அதுவரை நான் அவள் கதையை எழுதிக்கொண்டிருந்தேனே தவிர, அவள் பக்கம் நிற்கவில்லை.

6

பெயிண்ட் அறையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். தூசி நுழையாதபடி அடைத்த அறை. ஒரு பக்கம் கண்ணாடி ஜன்னல். ஒரு பூச்சு அடித்த பிறகு, அது இறுகும்வரை கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் தூசி போய் ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் உள்ளே இருப்பவருக்குச் செய்ய ஒரு வேலையும் கிடையாது. அக்கா அப்போதுதான் அந்த ஆல்பத்தைக் கேட்பாள். சின்ன ஸ்பீக்கர் ஒன்றைப் பாலித்தீன் உறையில் சுற்றி மூலையில் வைத்திருந்தாள். அவளுக்கு அது முதல் நாளே பிடித்துவிட்டது. சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சாம்பல் நிறக் கதவை மாமா தட்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அனுப்பியிருந்தார். ஆனாலும் தன் பிழை பூச்சுக்கு அடியில் தெரியுமோ என்று அவருக்குப் பயம். பெயிண்ட் ஏறினால்தான் பழுது பளிச்சென்று தெரியும். பூச்சு ஏறும்போதே பார்த்துவிட வேண்டும் என்று முகமூடியை மாட்டிக்கொண்டு, உடையை மாற்றிக்கொண்டு அவரும் உள்ளே போனார். இத்தனை வருஷத்தில் அவள் பெயிண்ட் அடிக்கும்போது அவர் உள்ளே போனது அதுதான் முதல் தடவை. அக்கா பூச்சை அடித்து முடித்தாள். அவருடைய இடம் தெரியவில்லை. அவர் திருப்தியாக வெளியே வரத் திரும்பினார்.

"எங்க போறீங்க? கதவைத் திறந்தீங்க, மறுபடி முதல்ல இருந்து அடிக்கணும்."

அவர் நின்றார். அக்கா வழக்கம்போல ஸ்பீக்கரைப் போட்டாள். மூன்றாவது பாட்டு வந்தது.

இதற்கு மேல் நான் அங்கே இல்லை. ஆகவே எழுதிப் பார்த்தேன்.

(அ) அவர் கண்களில் நீர் தளும்பியது. "உன்னைப் புரிஞ்சுக்காம இருந்துட்டேன்" என்றார். [அக்கா: "சீ."]

(ஆ) அவர் அவள் பக்கம் திரும்பி, "மனுஷன்னா மாறத்தானே வேணும்" என்றார். [அக்கா: "யாரு? இவரா? செருப்புக்கூட அதே கடையில அதே நிறத்துல வாங்குற ஆள்டா."]

(இ) பாட்டு அடங்கியபோது அவர்— [இதை முடிக்கவில்லை. முடிக்க வரவில்லை.]

கடைசியில் அக்காவே சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே தருகிறேன். என் கைவரிசை இதில் இல்லை.

"சும்மா நின்னுட்டு இருந்தார். கையில சுத்தியல் இல்லாம எங்க வைக்கிறதுன்னே தெரியல அவருக்கு, கையை. பாட்டு அடங்குச்சு பாரு, அப்ப வலது கை தானா மேல எழும்பிச்சு. அவருக்கே தெரியல. அப்படியே நின்னுச்சு. அப்புறம் மெதுவா இறங்கிடுச்சு. பாட்டு முடியறவரை அசையல. முடிஞ்சதும், 'அந்த இடத்துல டிரம்ஸ் நிக்கவே இல்லையா'ன்னு கேட்டார். இல்லீங்க, டிரம்ஸ்காரர் குச்சிக்குப் பதிலா கம்பி பிரஷ்ஷால தடவிக்கிட்டேதான் இருக்காரு, அன்னைக்கு வெடிக்கும் வெடிக்கும்னு காத்துக்கிட்டு இருந்ததுல உங்களுக்குக் கேட்டிருக்காதுன்னேன். 'இன்னொரு தடவை போடு'ன்னார்."

எத்தனை தடவை போட்டாய் என்று கேட்டேன். பூச்சு இறுகி வெகுநேரம் ஆகியும் போட்டதாகச் சொன்னாள்.

7

இங்கே முதலில் வேறு ஒரு ஏழாம் பகுதி இருந்தது. அழகாக இருந்தது. மாமாவுக்குப் பாட்டு பிடித்துவிட்டது, அதனால் மறுநாள் காலை அவர் அக்காவிடம் சந்தோஷமாகப் போய்வா என்றார், அக்கா போனாள். வெடிப்பு இல்லாத இடத்திலும் இசை உண்டு என்று ஒரு வரி வேறு எழுதிவைத்திருந்தேன். அந்த வரியை நினைத்து இரண்டு தடவை எழுந்து நடந்தேன்.

என் கதைகளை முழுதாக முடித்து அனுப்புமுன் மாமாவிடம் கொடுப்பது வழக்கம். அவர் தகட்டில் நெளிவைக் குறிக்கும் மஞ்சள் மெழுகுக் கட்டியை எடுத்துக்கொள்வார். எங்கே கதை பள்ளம் வாங்குகிறதோ அங்கே ஒரு வட்டம். காரணம் எழுத மாட்டார். வட்டத்தைப் பார்த்தால் எனக்கே தெரியும். இந்தக் கதையை மட்டும் தாள்களைக் கவிழ்த்துக் கொடுத்தேன். அவரைப் பற்றியே எழுதி அவரிடமே கொடுக்கிறேன். வியாழக்கிழமை மாலை. வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். அக்கா பெயிண்ட் அறையில் இருந்தாள்.

எதிரே உட்கார்ந்து படித்தார். கொட்டாவி என்று எழுதிய இடத்தில் மூக்கால் சிரித்தார். தன் பிழையைப் பற்றி எழுதியிருந்ததை ஒன்றும் சொல்லாமல் தாண்டினார். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வட்டம் போட்டார். "அதனால்" என்ற சொல்லைச் சுற்றி.

"இது பொய், மச்சான்."

"எது?"

"பாட்டு பிடிச்சிருச்சு. அது நிஜம். நேத்து வண்டியிலயும் அதான் போட்டேன். பசங்க நல்லா பண்ணியிருக்காங்க, நான்தான் காது குடுக்கல. ஆனா அவ போறது எனக்குப் பிடிக்கல. பாட்டும் பொண்டாட்டியும் ஒண்ணாய்யா? ஒண்ணு பிடிச்சா இன்னொண்ணும் பிடிச்சிரணுமா?"

எனக்கு முகம் சுண்டிப்போனது. என்னுடைய மிக அழகான இணைப்பு அது.

"அப்புறம் ஏன் சரின்னு சொன்னீங்க?"

"வேற என்னத்தச் சொல்ல? போகாதன்னு சொல்ல நான் யாரு? அவ கை, அவ தொழில்."

"ஏன் போறான்னு கேட்டீங்களா?"

அவர் மெழுகுக் கட்டியை விரல்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டிருந்தார். அது கொஞ்சம் உருகி விரலில் ஒட்டிக்கொண்டது.

"கேக்கல."

"ஏன்?"

"கேட்டா சொல்லிடுவாளே."

இத்தனை வருஷமாக நான் எழுதிய எந்தத் துப்பறிவாளனும் இப்படி ஒரு காரணத்தைக் கண்டுபிடித்ததில்லை. அவர் பாட்டை நிறுத்தியதும் இதற்காகத்தான் இருக்கும் என்று எழுதலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வேண்டாம். உடனே இன்னொரு வட்டம் விழும்.

8

ஆக, முடிவு இல்லாமல் நிற்கிறேன். நாளை வெள்ளிக்கிழமை. கைவசம் இருப்பவை இவை:

அக்கா போகிறாள். புதிதாக ஒரு பெயிண்டர் வருகிறான். அவனுக்கு ராக் இசை என்றாலே தலைவலி. மாமா அவனுக்காக ஒலியைக் குறைத்துக்கொள்கிறார், மனசுக்குள் திட்டிக்கொண்டே. மாலையில் அக்கா வந்து அன்று யார் யார் பச்சையை நீலமாக்கினார்கள் என்று சொல்கிறாள். இது நடக்கக்கூடியதுதான்.

அக்கா போகவில்லை. ஒன்றும் மாறவில்லை. மத்தியானச் சாப்பாட்டில் யாராவது எதையாவது சொன்னால் இன்னொருவர் சரி என்கிறார். சொன்னபடியே அவள் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள் என்றுதான் முதலில் எழுதினேன். இல்லை, அவள் சொல்லிக் காட்டாமலே இருந்துவிடுவாள் என்பதுதான் என் பயம். இந்த முடிவை எழுதும்போது என் கை ஓடவில்லை. எழுதியதில் இதுதான் நம்பும்படி இருக்கிறது என்பது இன்னும் மோசம்.

மூன்றாவது, ஆசிரியருக்காக: புதிய பெயிண்டர் அடைத்த அறையில் பிணமாகக் கிடக்கிறான். சாவி உள்பக்கம். [அடித்துவிட்டேன். ஆனால் வேறு கதைக்கு வைத்துக்கொள்கிறேன்.]

இவற்றை மாமாவிடம் படித்துக் காட்டினேன்.

"இதையெல்லாம் நீ எதுக்கு யோசிக்கிற?" என்றார். "உன்கிட்ட யாராவது கேட்டாங்களா?"

"கதைக்கு முடிவு வேணுமே மாமா."

"எழுதறத கொஞ்சம் நிறுத்து" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

9

நிறுத்தவில்லை. எழுதிக்கொண்டே பார்க்கிறேன்.

மாமா பெயிண்ட் அறையின் வெளியே நிற்கிறார். உள்ளே பூச்சு ஏறிக்கொண்டிருக்கிறது, கதவைத் தட்ட முடியாது. சுவரில் சாய்ந்துகொள்கிறார். நிமிர்கிறார். விரலில் ஒட்டிய மஞ்சளைச் சட்டையில் துடைக்கிறார். ஒருமுறை என் பக்கம் திரும்பி வந்துவிடுவார்போல இருந்தது, வரவில்லை. எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை.

பூச்சு இறுகிவிட்டதற்கு அடையாளமாக உள்ளே விளக்கு மாறியது. அக்கா கதவைத் திறந்தாள், அவரைப் பார்த்ததும் என்ன என்று புருவத்தைத் தூக்கினாள்.

"ஏன் போகணும்னு நினைக்கிற?" என்று கேட்டார் மாமா. அவர் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது. "சொல்லு. நான் நடுவுல பேசல."

அக்கா அவரை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இப்போது கண்ணாடி வழியாகத் தெரிகிறார்கள். அவள் முகமூடியைக் கழற்றிவிட்டாள். பேசுகிறாள். கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாள். இத்தனை நாளும் நான் எவ்வளவு கேட்டும் எனக்குச் சொல்லாததைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒரு சொல்லும் இந்தப் பக்கம் வரவில்லை. ஏதோ ஒரு இடத்தில் மாமாவின் தலை குனிந்தது. ஏதோ ஒரு இடத்தில் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அவள் நிறுத்தியதுபோல இருந்தது. இல்லை, மூச்சு வாங்கினாள், மறுபடி ஆரம்பித்துவிட்டாள்.

என் மேசையிலிருந்து அந்தக் கதவு பக்கம்தான். எழுந்துபோய்க் காதை வைத்தால் கேட்டுவிடும். போகப்போவதில்லை. அவள் சொல்வது என்ன என்பதை நீங்கள் உங்களுக்குத் தெரிந்த ஒருத்தியை வைத்து எழுதிக்கொள்ளலாம். அவர் என்ன பதில் சொல்வார் என்பதையும் உங்களிடமே விட்டுவிடுகிறேன். பிடித்தது என்றாலும் சரி, பிடிக்கவில்லை என்றாலும் சரி, எனக்கு ஆட்சேபம் இல்லை. அவசரம் மட்டும் வேண்டாம். முதலில் அவள் பேசி முடிக்கட்டும்.